பஹ்மிதா உம்மாவின் கீசர்

அலுவிகாரையில் தனியாக இருக்கும் பஹ்மிதா உம்மா வீட்டில் கீசர் பூட்டி ஒரு கிழமைகூட ஆகவில்லை, அதைப் பூட்டிய தனபாலனைக் கூப்பிட்டுவிட்டார். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போய்க் குழாயில் கை நீட்டினால் பச்சைத்தண்ணீர்தான் வருகிறதாம்.

பூட்டிய வேலையில் குறை என்றால் தனபாலனுக்குச் சோறு இறங்காது. கழற்றிப் பார்த்தான். கசிவில்லை, கீசர் நூற்றுக்கு நூறு யோக்கியன். சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தொட்டியே கொதித்தது. அதை அப்படியே விட்டு, இருவரும் கூடத்தில் தேநீர் குடித்தார்கள். பள்ளியில் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்ததும் போய்த் திறந்தான். பச்சைத்தண்ணீர். சற்றுமுன் காய்ந்து கிடந்த, கால் கழுவ உட்காரும் பலகை ஈரமாக இருந்தது.

“வீட்ல வேற யாருங்க இருக்காங்க?”

“ஒருத்தருமில்ல தம்பி. எங்க வீட்டுக்காரர் மௌத்தாகிப் போய் ரெண்டு வருஷம். மார்கழிக் குளிர்லயும் நடுங்கிக்கிட்டேதான் வுழூ எடுப்பார். கீசர் ஒண்ணு பூட்டுவோம்னு கேட்டுக்கிட்டே இருந்தார். நான்தான் வீண்செலவுன்னேன்.”

தனபாலன் பலகையைப் பார்த்தான். உம்மாவும் பார்த்தார்.

“கழட்டிடட்டுங்களா?”

“கழட்டுங்க,” என்றார் உம்மா. “கழட்டிட்டு, ரெண்டு பேருக்குக் காணுற மாதிரி பெரிசா ஒண்ணு பூட்டுங்க.”