வாங்கில் இருந்த ரீச்சர்

"விடுகைப் பத்திரத்தை எழுதிக் குடுங்க சார். மகளை நான் டவுன் ஸ்கூல்ல சேர்த்துக்கிறேன்."

முரசுமோட்டை வயலில் நின்ற சுடலைமுத்து, கால் சேற்றைக்கூடக் கழுவாமல் சைக்கிளில் வந்திருந்தார்.

பாடசாலை அதிபர் பொன்னையா கதிரையைக் காட்டினார். "இருங்கோ அண்ணை. மகள் லக்சிகா ஓ.எல். சோதினை எடுக்க இன்னும் ஆறு மாதம்கூட இல்லை. இப்ப என்ன அவசரம்?"

"அதனாலதாங்க அவசரம்! ஊர்ல பேசிக்கிட்டாங்கன்னு வந்து, இப்பதான் விஞ்ஞான வகுப்பை ஜன்னலால பார்த்தேன். எவனோ பாடம் நடத்துற படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டு, யூலிற்றா டீச்சர் புள்ளைங்களோட வாங்குல குந்தியிருக்காங்க. கொப்பி வேற எழுதுறாங்க!"

"அது இணையத்திலை இலவசமாக் கிடைக்கிற பாடம். வீட்டிலை இறக்கிக்கொண்டு வந்து காட்டுறா."

"அப்ப டீச்சர் எதுக்கு? படத்துல 'ஆக்சிஜன்'னு சொல்றான். இவங்க எந்திரிச்சுப் போயி நிப்பாட்டிட்டு, போர்டுல 'ஒட்சிசன்'னு எழுதுறாங்க. அதுகூடச் சரியாத் தெரியல."

அதிபருக்குச் சிரிப்பு வந்தது. "அது இந்தியப் பாடம் அண்ணை. எங்கட சோதினைத் தாளிலை ஒட்சிசன்தான் வரும். பிள்ளையள் குழம்பக் கூடாதெண்டு ஒவ்வொரு சொல்லா மாத்திக் குடுக்கிறா."

சுடலைமுத்து கொஞ்சம் தணிந்தார். ஆனால் விடவில்லை.

"சரிங்க. கடைசியில எம்மககிட்டயே சந்தேகம் கேட்டாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அதிபர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அவா சங்கீத ரீச்சர்."

"என்னது?"

"விஞ்ஞான சேர் தை மாதம் மாற்றலாகிப் போனவர். கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனன், ஆள் வரேல்லை. பிள்ளையளைச் சும்மா இருக்க விடக் கூடாதெண்டு அவாவாத்தான் வந்து நிண்டா."

"பாட்டு டீச்சரை நம்பியா சார் எம்புள்ள பரீட்சை எழுதணும்?"

கேள்வியில் பிழையில்லை. அதிபர் மேசை லாச்சியைத் திறந்து விடுகைப் பத்திரப் புத்தகத்தை எடுத்தார்.

அப்போது யூலிற்றா வாசலில் எட்டிப் பார்த்தார். "சேர், இதிலை ஒரு கையெழுத்து வேணும். இண்டைக்கே அனுப்போணும்."

அதிபர் விண்ணப்பத்தை வாங்கி வாசித்தார். பிறகு அதைச் சுடலைமுத்துவின் பக்கம் தள்ளிவிட்டார்.

க.பொ.த. சாதாரண தரம். தனிப்பட்ட பரீட்சார்த்தி. வயது நாற்பத்தொன்று. பாடம் ஒன்றே ஒன்று: விஞ்ஞானம்.

"டீச்சர்... நீங்களா எழுதப் போறீங்க?"

"ஓம் அண்ணை." யூலிற்றாவுக்கு வெட்கமாகிவிட்டது. "அந்த நாளிலை நான் விஞ்ஞானம் பெயில். இப்ப பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறது சரியோ பிழையோ எண்டு நானும் எழுதிப் பாத்தாத்தானே தெரியும்?"

"மறுபடியும் பெயிலாயிட்டா? ஊரே சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். அடுத்த வருசம் வாற பிள்ளையளோட இருந்து திரும்பவும் படிப்பன்."

அதிபர் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அண்ணை, விடுகைப் பத்திரத்தை எழுதட்டோ?"

சுடலைமுத்து எழுந்தார்.

"அதை விடுங்க சார். டீச்சர், பரீட்சையன்னிக்குக் காலையில எத்தனை மணிக்கு ரெடியா இருப்பீங்க? என் லாண்ட்மாஸ்டர் டிராக்டர்லயே ரெண்டு புள்ளைங்களையும் கொண்டுபோய் விட்டுடுறேன்."