நிற்காத இஞ்சின்

"மேல போயி நின்னுச்சுன்னா?" என்று கேட்டார் கந்தையா முதலாளி.

"செத்தீங்க" என்றான் எட்வின்.

முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எட்வின் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை இன்னொரு தரம் சொல்லிப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்தது.

பணம் பத்தும் செய்யும் என்பார்கள். குருவிட்டவில் பன்னிரண்டு மாணிக்கக் குழிகளுக்குச் சொந்தக்காரரான கந்தையாவின் பணத்துக்கு இறக்கையே முளைத்திருந்தது. மூடிக்கிடந்த ரப்பர் ஸ்டோருக்குள், வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்து, குழி மெக்கானிக் எட்வினின் கையால் ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் தயார். மூக்கில் மட்டும் இஞ்சினுக்கான ஓட்டை.

எட்வின் காகிதத்தை விரித்தான். "மூணு வழி இருக்குங்க. பழைய கார் இஞ்சின மாத்திப் போடலாம், ஆறு லட்சம். இல்லாட்டி யாரோ ஓட்டிக் கழிச்ச விமான இஞ்சின், இருபது. எத்தன மணி நேரம் ஓடுனதுன்னு வித்தவனுக்குத்தான் வெளிச்சம். மூணாவது, புத்தம் புதுசு. சிலிண்டருக்கு ரெண்டு பிளக். ஒண்ணு நின்னா மத்தது ஓடும். அறுபத்தஞ்சு லட்சம்."

"ஹரி ஹரி, புதுசையே போடு பாஸ். உசுருக்கு வெல பாக்க ஏலுமா?" என்று பாதிச் சிங்களத்தில் சரி சொன்னார் முதலாளி. கைவேலைக்காரன் எவனும் அங்கே 'பாஸ்'தான்.

எட்வினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன வைகாசி மழையில், தண்ணீர் இறைக்கும் இஞ்சின் இழுக்கிறது, மாற்றுங்கள் என்று இதே மனுசனிடம் அவன் மூன்று தரம் கேட்டான். "இருக்கறத தட்டிக்கொட்டி ஓட்டு, குழிக்கு அது போதும்" என்றார். நாலாம் நாள் இஞ்சின் நின்றது. நாற்பதடி ஆழத்தில் நின்ற தம்பி ஸ்டீபனை மறுநாள்தான் தூக்க முடிந்தது.

முதலாளி சவப்பெட்டியும் ஒரு மூட்டை அரிசியும் அனுப்பினார். அதற்குப் பிறகு குழிப்பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. கல் மட்டும் அவர் வீடு தேடிப் போனது.

எந்த இஞ்சினை வாங்குவதென்று எட்வின் தம்பியின் ஈர உடம்பைத் தொட்ட அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

லயத்து வீட்டில் மனைவி மெட்டில்டா அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். "என்னமோ செய்யப் போறீங்க. மனுசன மேல ஏத்திக் கீழ தள்றது பாவங்க. பழி வாங்குறது ஆண்டவர் வேல."

"ஆண்டவர் வேலைய ஆண்டவரு பாக்கட்டும். அந்தாளு கதறுறத நான் கண்ணால பாக்கணும். ஜெயிலுக்குப் போனாலும் பரவால்ல."

மறுவாரம் ஓடர் தாள் வந்தது. மூன்று பக்கமும் ஆங்கிலம். முதலாளி அடியில் இருந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், செக்கும் எழுதினார்.

"சாமான் இருபத்துநாலு பெட்டியில வருதுங்க" என்றான் எட்வின்.

"பின்ன? ஏரோப்ளேன் இஞ்சின்னா சும்மாவா? பார்ட் பார்ட்டாத்தான் வரும்" என்று அவனுக்கே பாடம் நடத்தினார். "ஆனா நான் நேரம் பாத்துத்தான் தொறப்பேன். அதுக்கு முன்னால எட்டிப் பாக்கவும் மாட்டேன்."

மாணிக்கக்காரர்கள் அப்படித்தான். குழி வெட்டவும் நல்ல நேரம், கல்லைப் பொட்டலம் பிரிக்கவும் நல்ல நேரம். எட்வின் பெட்டிகளை ஸ்டோரில் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, முதலாளி கொடுத்த மஞ்சள் கயிற்றையும் பயபக்தியோடு கட்டிவைத்தான்.

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நல்ல நேரம். பந்தல், கற்பூரம், வீடியோக்காரர். இரத்தினபுரியிலிருந்து கல் வியாபாரிகள் பத்து வாகனத்தில் வந்திறங்கினார்கள். மெட்டில்டா கூட்டத்துக்குப் பின்னால் செபமாலை உருட்டிக்கொண்டு நின்றாள். எட்வின் முதலாளியின் முகத்துக்கு நேரே இடம்பிடித்து நின்றான்.

முதல் பெட்டி காலி. முதலாளி சிரித்துச் சமாளித்தார்.

இரண்டாவதும் காலி. மூன்றாவதும். ஐந்தாவதைக் காலால் எத்தினார், அது வீடியோக்காரரின் காலடியில் போய் விழுந்தது. வியாபாரி ஒருவர் கிளுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், பந்தலே சிரித்தது.

"களவாணி! அறுபத்தஞ்சு லட்சம்டா!" முதலாளி எட்வினின் சட்டையைப் பிடித்தார். "பொலீஸக் கூப்புடுங்க!"

"கூப்புடுங்க. அந்த ஓடர் தாள அவங்களாச்சும் வாசிக்கட்டும். கையெழுத்து ஒங்களோடது. சாமானும் ஒங்களோடது, ஒங்க எடத்துலதான் இருக்கு. நான் ஒரு ஆணியக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகல."

"அப்ப என் இஞ்சின் எங்கடா?" முதலாளியின் குரல் உடைந்தது. கிட்டத்தட்ட அழுகைதான்.

எட்வின் அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தான். சட்டையைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

"பன்னெண்டு குழியிலயும் தண்ணி எறைக்குதுங்க, குழிக்கு ரெண்டு."