தறிச் சத்தம்

"நெய்ய முடியலேன்னு மனு கொடுத்துட்டு, உள்ளே ஜோராத் தறி ஓட்டுதீரோ!"

ஊனமுற்றோர் உதவித்தொகைக்காக விசாரிக்க வந்த தென்காசி ரெவின்யூ இன்ஸ்பெக்டர், சாரலில் நனைந்தபடி வாசலிலேயே கத்தினார்.

தறி நின்றது. ஹாஜரா பீவி பதறி வெளியே வந்தாள்.

"மெதுவாப் பேசுங்க சார். தறியில இருந்தது நான்தான். பக்கவாதம் வந்ததுலேருந்து அவுக திரைக்குப் பின்னால கட்டில்லதான் கெடக்காக."

"அப்ப நீ சம்பாதிக்கியே! உதவித்தொகை எதுக்கு?"

திரைக்குப் பின்னாலிருந்து குழறலாக ஒரு குரல் கேட்டது.

"ஹாஜரா, சத்தத்தைக் காணுமே! இழை அறுந்துட்டாட்டி? நான் நெய்யுத காலத்துல ஒரு நாளாவது அறுந்திருக்கா?"

"இல்லைங்க. இந்தா, முடி போட்டுட்டேன்!"

ஓடிப்போய் உட்கார்ந்து மிதித்தாள். தறி மறுபடி ஓடியது.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

தறியில் நூலே இல்லை.