முப்பத்தேழாவது டிப்ஸ்

ஸ்ரீனிவாசராகவனின் ஸ்கூட்டர் குவார்ட்டர்ஸ் தெருமுனை திரும்பியதும், காமு அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நேரே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை. மாமல்லபுரம் போய் ஸ்தலசயனப் பெருமாளைச் சேவித்துவிட்டு அவர் கல்பாக்கம் திரும்ப ரெண்டு மணி நேரமாவது ஆகும்.

பேப்பரோடு இலவசமாக வந்த ‘கம்ப்யூட்டர் டிப்ஸ் நூறு’ புத்தகத்தை அவள் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். சனிக்கிழமைக்கு நாலு டிப்ஸ். கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அடித்தால் செய்த தப்பு இல்லையென்றே ஆகிவிடும் என்று படித்த அன்றைக்கு, “அடப் பாவிகளா, இதை முப்பது வருஷம் முன்னாலயே கண்டுபிடிச்சிருக்கப்படாதா!” என்று தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

மெயில் பக்கம் மட்டும் போகக்கூடாது, தொட்டால் வைரஸ் வந்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். அவளும் போனதில்லை.

இன்றைக்கு முப்பத்தேழாவது டிப்ஸ். ‘டெலிட் செய்த மெயில் அழிந்துவிடாது. டெலிட்டட் ஐட்டம்ஸ் என்ற பெட்டியில் கிடக்கும். அங்கேயும் போய் அழித்தால்தான் நிஜமாகவே போகும்.’

கிடப்பது குப்பைதானே, குப்பையைக் கிளறினால் என்ன வந்துவிடப் போகிறது என்று அந்தப் பெட்டியைத் திறந்தாள்.

ஜெயந்த். ஜெயந்த். ஜெயந்த். மேலிருந்து கீழ்வரை அவள் பிள்ளையின் பெயர்தான். எண்ணினால் நாற்பத்தொன்று.

அமெரிக்காவில் தன்னிஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டான் என்று சேதி வந்து ரெண்டு வருஷமாகிறது. “அவன் பேரை இனிமே இந்த ஆத்துல யாரும் எடுக்கப்படாது” என்றார் அவர். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு போன் கிடையாது, ஒரு கடுதாசி கிடையாது.

அப்பாமேல் கோபம் சரி, பெற்றவளையுமா ஒரு பிள்ளை மறப்பான் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் காமு அழுதிருக்கிறாள்.

மறக்கவில்லை. எழுதியிருக்கிறான். இந்த மனுஷன் ஒன்று விடாமல் அழித்திருக்கிறார்.

பெருமாளைச் சேவிக்கிறாராம், பெருமாளை! வரட்டும், இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் மேலே இருந்த மெயிலைத் திறந்தாள்.

ஒன்றும் புரியவில்லை. கொம்பும் வாலும் முளைத்த இங்கிலீஷ் எழுத்துகளாக இருந்தன.

விட்டுவிடுவாளா? புத்தகத்தைப் புரட்டினாள். அறுபத்திரண்டாவதில் இருந்தது. ‘பயப்படாதீர்கள், அது தமிழாக இருக்கலாம். காப்பி செய்து வேர்டில் ஒட்டி, ஃபான்டை மாற்றிப் பாருங்கள்.’

கோயில் உற்சவ நோட்டீஸ் அடிக்க அவர் போட்டுவைத்த தமிழ் ஃபான்ட் ஒன்று இருந்தது. மாற்றினாள். கொம்பெல்லாம் உதிர்ந்து தமிழ் வந்தது.

‘அம்மா, உன் லெட்டர் வந்தது.’

காமு கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அவள் யாருக்கும் லெட்டர் எழுதி வருஷக்கணக்காகிறது. மறுபடியும் படித்தாள். உன் லெட்டர் என்றுதான் இருந்தது.

‘வாரம் தவறாம எழுதறே. இந்த வயசுல தமிழ் டைப்பிங் கத்துண்டு இப்படிப் பக்கம் பக்கமா அடிக்கறியேன்னு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கறேன். நீ சொன்ன பேரு குழந்தைக்கு அப்படிப் பொருந்தறது. அதிதிக்கு மேல்பல் ரெண்டு வந்தாச்சு. போன் பண்ணாதேன்னு எழுதியிருந்தியே, அதான் பண்ணலே. நீயும் இதைப் படிச்சதும் அழிச்சுடு. அப்பா கண்ணுல பட்டுடப் போறது.’

பேத்தி பிறந்திருக்கிறாள். பல்லே முளைத்துவிட்டது. பெயர் வைக்கச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் எந்தப் பெயரும் சொல்லவில்லை.

இந்த வீட்டில் தமிழ் அடிக்கத் தெரிந்த ஆள் ஒருத்தர்தான்.

திட்டுவதற்குச் சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றுகூட இப்போது வாயில் வரவில்லை. உள்ளே ரசம் சுண்டித் தீய்ந்துபோகும் வாசனை வந்தது. எழுந்திருக்கத் தோன்றாமல் மீதியையும் படித்தாள்.

‘எதிர்வீட்டு மாமிக்குக் கண் ஆபரேஷன் ஆனது வரைக்கும் எழுதறே. அப்பாவைப் பத்தி மட்டும் ஒரு வரி எழுத மாட்டேங்கறே. எப்படி இருக்கார்மா?’

வாசலில் கேட் திறந்தது. துளசியும் பூவும் இருந்த பையைப் படியில் வைத்துவிட்டு, அவர் குனிந்து குழாயில் கால் அலம்பிக்கொண்டிருந்தார்.

ரெண்டு வருஷமாகக் காமு அந்த மனுஷனை முகம் பார்த்துப் பேசியதில்லை. சாதம் போடுவாள், காபி வைப்பாள், நகர்ந்துவிடுவாள். இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

ரொம்பவே இளைத்துப் போயிருந்தார்.