வெந்நீர் விட்ட பெட்டிகள்

அவள் சொம்பிலிருந்த வெந்நீரைப் பெட்டிக்குள் ஊற்றினாள்.

பச்சைத்தண்ணீர்தான் ஊற்றச் சொல்லியிருந்தார்கள்.

மூடியைப் போட்டு ஆணியில் மாட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பன்னிரண்டு வருடமாக நகராட்சியில் கொசு ஒழிக்கிற வேலை. வீடுவீடாகப் போய் தேங்காய்ச் சிரட்டையைக் கூட விடாமல் கவிழ்க்கிறவள். அவள் கையிலேயே கொசு முட்டைப் பெட்டிகளைக் கொடுத்து, உன் தெருவில் வீட்டுக்கு வீடு மாட்டிவிட்டு வா என்றால்?

பாலுக்குப் பூனை காவலா?

ஆராய்ச்சி நிலையத்துப் பெண் யாழினி பொறுமையாகத்தான் சொன்னாள். இந்தக் கொசுவின் உடம்புக்குள் ஒரு நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது இருந்தால் டெங்குக் கிருமி அந்தக் கொசுவுக்குள் சரியாகப் பெருக முடியாது. தாயிடமிருந்து முட்டைக்கும் போகும். போகப்போகத் தெருக்கொசு எல்லாமே இந்த வம்சமாகிவிடும்.

அவள் தலையாட்டினாள். ஒரு சொல்லையும் நம்பவில்லை.

மூத்த மகளை டெங்குக்குப் பறிகொடுத்தவள். கொசுவில் நல்ல கொசு உண்டா?

பதினாறு பெட்டி. பதினாறிலும் வெந்நீர்.

முட்டை ஏன் பொரியவில்லை என்று யாழினி குழம்பினாள். வெயில் தாங்கவில்லையோ என்று புது முட்டைகள் தந்தாள். அவற்றுக்கும் அதே கவனிப்புதான் நடந்தது.

ஐப்பசி மழை விட்டதும் தெருவில் நான்கு பிள்ளைகளுக்கு டெங்கு. நான்காவது அவள் மகன் இனியன்.

பின் தெருவில் பெட்டி மாட்டியது வேறொருத்தி. அங்கே ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை. அதை அவள் மட்டும் கவனித்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்தபோது தெருவே கூடி நின்றது. யாழினியைச் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். காய்ச்சலைக் கொண்டுவந்ததே இவள் விட்ட கொசுதான் என்றார்கள்.

எதிர்வீட்டுத் தனபாக்கியம் ஒரு விறகுக்கட்டையை இனியனின் அம்மா கையில் திணித்தாள். ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளாம். பெட்டியை முதலில் உடைக்கிற உரிமை அவளுக்குத்தானாம்.

அவள் கட்டையைக் கீழே போட்டாள்.

"இந்தப் பெட்டிலேர்ந்து ஒரு கொசுகூட வெளிய வரல."

யாழினி மெல்ல நிமிர்ந்தாள்.

"அது எப்படிக்கா உனக்குத் தெரியும்?"

கேட்டது தனபாக்கியம். இனியனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பது அவளுடைய மகள்.