கை பட்டுத் தேய்ந்த இடம்

"அப்பா, எதிர்வீட்டுத் தாத்தா ஏன் காரை நடத்திக் கூட்டிட்டுப் போறாரு?"

மகள் கேட்டபோது மெக்கானிக் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே பெரியவர், கதவைத் திறந்து வைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் கதவுத் தூணைத் தள்ளியபடி தெருமுனை இறக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"அதுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரு."

கண்ணை மூடிக் கட்டிலில் கிடந்த மனைவிகூடச் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்தக் கட்டில் இப்போது காலி.

அந்தக் கார் இப்போது அவன் பட்டறையில். பெரியவர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நாளை அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டியோ யாருக்கும் எளிதில் மசியவில்லை.

சாவியைத் திருப்பினான். செல்ஃப் மோட்டார் திடமாகச் சுற்றியது. தெருவே எழுந்துவிடும்போல் நெடுநேரம் கரகரத்த பிறகுதான் எஞ்சின் பிடித்தது. பின்னால் நீலப் புகை.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தான். மூன்று நல்ல பழுப்பு நிறம். ஒன்று மட்டும் எண்ணெயில் குளித்துக் கறுத்திருந்தது.

சிலிண்டரின் அழுத்தத்தைச் சோதித்தான். குறைவில்லை. அப்படியானால் எண்ணெய் கீழிருந்து ஏறவில்லை, மேலிருந்து இறங்குகிறது. வால்வின் கழுத்தில் இருக்கும் ரப்பர் சீல் கெட்டித்துப்போய், இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகப் பிளக்கை நனைக்கிறது.

விரல் நுனியளவு ரப்பர். ஒரு மத்தியான வேலை.

பேட்டரி நன்றாக இருந்தது. செல்ஃப் மோட்டார் அதிகம் உழைக்காததுபோல் புதிதாக இருந்தது. கதவுத் தூணில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து, தகரம் பளபளத்தது.

"சத்தம் போட்டாலும் கொஞ்ச நேரத்துல ஸ்டார்ட் ஆயிடுதே, பெரியம்மா. எதுக்குத் தினமும் தள்ளிட்டுப் போனாரு?"

பட்டறைக்கு வந்திருந்த பெரியவரின் மனைவி புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சத்தத்துக்குத்தான், தம்பி. ராத்திரியெல்லாம் இருமிட்டு ஒம் பொண்டாட்டி அப்பத்தான் கண்ணசருவா, எழுப்பக் கூடாதும்பாரு. அவ போனப்புறம், கொழந்தையாவது தூங்கட்டும்னாரு. இப்ப இவரும் அப்படித்தான். விடிய விடிய முழிச்சிருந்துட்டு, விடியறப்பத்தான் தூங்கறாரு."

அவனுக்கு ஒரு காலை நினைவுக்கு வந்தது. ஜன்னலைப் படீரென்று திறந்து, "மனுஷன் தூங்க வேணாமா? அந்த டப்பாவைக் கொண்டுபோய் எடைக்குப் போடுய்யா!" என்று கத்தியது அவன்தான். கத்தியவன் அன்றே மறந்தும் போனான்.

மறுநாளிலிருந்துதான் அந்தக் கார் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

எதிர்வீட்டிலேயே ஒரு மெக்கானிக் இருந்தும், தினமும் வேடிக்கை பார்த்தானே தவிர, வண்டிக்கு என்ன என்று ஒரு நாள் கேட்டதில்லை.

அன்று மாலைக்குள் சீல்களை மாற்றிப் புதுப் பிளக்குகளைப் போட்டான். சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகையில்லை.

"காலையில வாசல்ல நிக்கும், பெரியம்மா" என்று சொல்லி அனுப்பினான்.

வெளுக்கத் தொடங்கியபோது பட்டறையைத் திறந்தான். ஸ்டியரிங் பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பினான். அதற்கு மேல் திருப்பவில்லை.

கதவைத் திறந்து வைத்து, தேய்ந்த அந்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்தான். தகரம் குளிர்ந்திருந்தது. தள்ளினான்.

கார் கனத்தது. பாதி வழியிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. அவர் வயதில் எப்படித் தள்ளினாரோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

தெருவில் ஒரு ஆளில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசையவில்லை.

வாசலில் நிறுத்தி, கடகடவென்று சத்தம் வராதபடி ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே மெல்ல மேலே இழுத்தான்.