சிவப்புப் பாலத்தில் பிஷப்

சிவப்புப் பாலம் மட்டும் வேண்டாம் என்று ஆரின் ஏற்றம் முழுக்க வேண்டிக்கொண்டே மிதித்தான். வெர்மான்ட் மலைகளில் வேறு எந்தப் பாலத்தையும் அவன் மனைவி லீட்டாவோடு தைரியமாகக் கடப்பான்.

அவன் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு குட்டி இழுவண்டி. அதில் பிஷப் படுத்திருந்தது. லீட்டாவின் நாய், பாதிரியார் போலக் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருந்ததால் அவள் வைத்த பெயர். இதுவரை அவன் கையால் ஒரு பிஸ்கட்கூட அது வாங்கித் தின்றதில்லை.

"இவனை உன் அக்கா வீட்ல விட்டுட்டு வந்திருக்கலாம்," என்றான் மூச்சிரைக்க.

"அங்க நானும் அவனும் வியாழக்கிழமைதான் போவோம். இன்னிக்கு அவ சர்ச்சுக்குப் போயிருப்பா," முன்னால் போன லீட்டா திரும்பாமலே சொன்னாள். "பேசாம மிதி. உன் தொப்பையவிட அவன் வெயிட் கம்மிதான்."

ஞாயிறுதோறும் ஆரின் சைக்கிள் கிளப்போடு இந்தச் சாலையில் வருவான். இந்த வாரம் கிளப்புக்கு விடுமுறை. "டாக்டர் உடம்பை அசைக்கச் சொல்றார், நானும் வர்றேன். ரெண்டு பாலம் வரைக்கும் போய்த் திரும்பிடலாம்," என்று லீட்டா கிளம்பிவிட்டாள். சிவப்புப் பாலம் மூன்றாவது. ஆரின் மறுபேச்சில்லாமல் சம்மதித்தான்.

கூரை வேய்ந்து, இரண்டு பக்கமும் பலகைச் சுவர் அடித்த பழைய மரப் பாலங்கள் அவை. மரம் நனையாமலிருக்க அப்படிக் கட்டியதாக வாசலில் எழுதி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் இருட்டை நூற்றைம்பது வருஷமாக ஊர் எதற்குப் பயன்படுத்துகிறது என்று எழுதி வைப்பதில்லை.

கிளப்பில் மார்சி என்று ஒருத்தி. சிவப்புப் பாலம் வந்தால் போதும், அவள் சைக்கிளில் செயின் கழன்றுவிடும். மற்றவர்கள் முன்னால் போய்விட, ஆரின் மட்டும் நின்று மாட்டிக்கொடுப்பான். நேரம் பிடிக்கிற வேலை.

அந்தப் பாலத்துக்குள் நின்றால் தன் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று அவனுக்குப் பயம். அவன் முகத்தைப் படிக்க லீட்டாவுக்குக் கண்ணாடிகூட வேண்டாம். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம் அதோடு முடிந்தது.

இரண்டாவது பாலம் நல்லபடியாகப் போயிற்று. திரும்பி வரும் வழியில் சாலையை மறித்து ஒருவர் கொடியோடு நின்றார்.

"பால் லாரி குறுக்க சாஞ்சு கிடக்கு. ரோடெல்லாம் பால். சிவப்புப் பாலம் வழியா சுத்திப் போங்க."

"வேற வழி இல்லையா?" இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இருக்கே. சாயங்காலம் வரைக்கும் என்கூட நில்லுங்க. பேச்சுத் துணை ஆச்சு."

அதற்கப்புறம் லீட்டா முட்டி வலிப்பதாக ஒருமுறை முனகினாள். கடைசி வளைவுக்கு முன்பே பிஷப் எழுந்து நின்று வாலை ஆட்டத் தொடங்கியது. இழுவண்டி கிடுகிடுவென்று ஆடியது. ஆற்று வாசனை பிடித்துவிட்டது போல என்று ஆரின் நினைத்தான்.

பாலத்தின் பலகைகள் நீளவாக்கில் பதித்தவை. இடுக்கில் டயர் மாட்டினால் முன்பல் போய்விடும் என்பதால் இங்கே எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அவர்களும் இறங்கினார்கள். பிஷப் துள்ளிக் குதித்து உள்ளே ஓடியது.

நட்ட நடுவில் நின்றது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. மூக்கு பலகையில் இடிக்கிற மாதிரி நெருங்கி, காதை மடக்கிக்கொண்டு, யாரையும் பார்க்க மாட்டேன் என்று விரதம் எடுத்ததுபோல் அசையாமல் இருந்தது.

"பிஷப், வா," என்றாள் லீட்டா. அவள் குரல் இறங்கியிருந்தது.

நாய் ஓரக்கண்ணால் மட்டும் இருவரையும் பார்த்தது. இன்னும் வேலை முடியவில்லை என்று தெரிந்ததும் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டது.

ஆரின் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான்.

"லீட்டா, சொல்லிடறேன். மார்சிதான். கிளப்ல இருக்காளே, அவ. ரெண்டே தடவை."

லீட்டா அவனைப் பார்த்தாள்.

"சரி, ஏழு."

லீட்டாவுக்குக் குரல் திரும்ப வந்தது. கூரையில் இருந்த புறாக்கள் பறக்கிற அளவுக்கு வந்தது.

"ஏழா? வெக்கங்கெட்டவனே, செயின் மாட்டப் போறேன்னு என்கிட்டயே சொன்னியே. கையில கிரீஸோட வருவியே, நான் சோப்பு எடுத்துக் குடுத்தேனே."

"தப்புதான்."

"தப்பா? அந்தக் காலத்துல மாப்பிள்ளை புதுப் பொண்டாட்டியோட வண்டியில இந்தப் பாலத்துக்குள்ள வந்தா, குதிரை தானா நடுவுல நின்னுடுமாம். முன்னாடி வேற பொண்ணுங்களோட வந்து நின்ன பழக்கதோஷம். அதை வெச்சே அவன் லட்சணத்தைக் கண்டுபிடிச்சிடுவாளாம் அவ. இன்னிக்கு உன் லட்சணத்தைச் சொல்ல ஒரு நாய் வேண்டியிருக்கு."

ஆரின் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிஷப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"லீட்டா, நான் இவனை இங்க கூட்டிட்டு வந்ததே இல்லையே."